பிடிஆர்எஃப்எஸ்-இல் எத்தனை சப்வால்யூம் வேண்டும், எதை எங்கே மவுண்ட் செய்வது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். 500 ஜிபி எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பில் டெபியன் லினக்ஸை பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) என்ற கோப்பு முறைமை மீது நிறுவியிருக்கிறீர்கள். உள்ளே பார்த்தால் @ரூட்எஃப்எஸ் என்று ஒரே ஒரு சப்வால்யூம்தான் (கோப்பு முறைமைக்குள் உள்ள தனிப் பிரிவு) இருக்கிறது. ஒரு வழிகாட்டி @, @ஹோம் என இரண்டு போதும் என்கிறது. இன்னொன்று பன்னிரண்டு சப்வால்யூம்களுக்குப் பட்டியல் போடுகிறது. ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைத்த பிரதி) எடுக்கும் டைம்ஷிஃப்ட் கருவியோ உங்கள் அமைப்பைப் பார்த்ததும் மேலே நகர மறுக்கிறது. எத்தனை வேண்டும், ஒன்றுக்குள் ஒன்றாக வைப்பதா பக்கத்தில் பக்கத்தில் வைப்பதா, எஃப்எஸ்டேப்பில் (எதை எங்கே மவுண்ட் செய்வது, அதாவது எந்த ஃபோல்டரில் தெரியவைப்பது என்று சொல்லும் கோப்பு) ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்க எண்ணிக்கை பற்றிய கேள்வி போல இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பது இதுதான்: ஒரு அப்டேட் கெட்டுப்போய் நேற்றைய நிலைக்குத் திரும்பும்போது எதெல்லாம் சேர்ந்து திரும்ப வேண்டும், எதெல்லாம் இன்றைய நிலையிலேயே நிற்க வேண்டும்? இதை முடிவு செய்துவிட்டால் எண்ணிக்கை தானாக வந்துவிடும்.

நான் சர்வர்களையும் அலுவலகக் கணினிகளையும் பராமரிக்கும் வேலையில் இருப்பவன். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக பிடிஆர்எஃப்எஸ் பயன்படுத்துகிறேன், ஆனால் ஒற்றை வட்டிலும், ஒரே தரவை இரண்டு வட்டிலும் வைக்கும் ரெய்டு1-இலும் மட்டும்தான். ரெய்டு5, ரெய்டு6 பக்கம் போனதில்லை; அவற்றை முக்கியமான வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அதை உருவாக்குபவர்களே ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். எனவே கீழே சொல்வதெல்லாம் உங்களுடையது போன்ற சாதாரண அமைப்புக்கு.

சப்வால்யூம் என்றதும் பலருக்கும் பார்ட்டிஷன் நினைவுக்கு வருகிறது. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பார்ட்டிஷனுக்கு அளவு உண்டு, சப்வால்யூமுக்குக் கிடையாது. எல்லாச் சப்வால்யூம்களும் ஒரே பொதுக் கிடங்கிலிருந்துதான் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. அதனால்தான் டிஎஃப் கட்டளை போட்டுப் பார்த்தால் ரூட்டுக்கும் ஹோமுக்கும் ஒரே எண்ணைக் காட்டுகிறது. அது பிழை இல்லை. அதே நேரம் சப்வால்யூம் வெறும் ஃபோல்டரும் இல்லை. அதற்கென்று தனி மரம் உண்டு, தனி எண் உண்டு. கோப்பு முறைமையின் உச்சியில் எப்போதும் 5 என்ற எண்ணுள்ள சப்வால்யூம் இருக்கும். நாம் உருவாக்குபவை 256-இலிருந்து தொடங்கும். ஒரு சப்வால்யூமிலிருந்து இன்னொன்றுக்கு ஹார்ட் லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) போட முடியாது. கோப்பை நகர்த்தினால் பெயர் மட்டும் மாறாது, நகலெடுத்துவிட்டு பழையதை அழிக்கும். எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று உண்டு: ஸ்னாப்ஷாட் சப்வால்யூமின் எல்லையோடு நின்றுவிடும். உள்ளே இன்னொரு சப்வால்யூம் இருந்தால், ஸ்னாப்ஷாட்டில் அந்த இடத்தில் காலி ஃபோல்டர் மட்டும்தான் தெரியும்.

இந்தக் கடைசிக் குணத்தைக் குறையாக நினைக்காதீர்கள். நமக்குத் தேவையான கருவியே அதுதான். எது நேற்றைக்குத் திரும்பக் கூடாதோ அதைத் தனிச் சப்வால்யூம் ஆக்கு, திரும்ப வேண்டியதை அப்படியே சேர்த்து வை. விதி அவ்வளவுதான்.

அதன்படி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஹோம் தனியாக இருக்க வேண்டும், இதில் சந்தேகமே வேண்டாம். ஒரு டிரைவர் கெட்டதற்காக கணினியை நேற்றைக்குத் திருப்பினால், இன்று காலை எழுதிய கடிதமும் இறக்கிய படங்களும் மறையக் கூடாது. /வார்/லாக் தனியாக இருக்க வேண்டும். அப்டேட் ஏன் கெட்டது என்ற தடயம் முழுக்க அந்தப் பதிவுகளில்தான் இருக்கிறது. ரோல்பேக் (பழைய நிலைக்குத் திருப்புவது) செய்த கையோடு அதுவும் பழைய நிலைக்குப் போய்விட்டால் காரணத்தைத் தேட வழியே இருக்காது. /வார்/கேஷ் விஷயத்தில் காரணம் வேறு: இறக்கிய பொதிகள் அங்கே குவியும், அவற்றை ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் பிடித்து வைத்துக்கொண்டால் இடம் வீணாகும். அதைப் பிரித்தால் நல்லது, பிரிக்காவிட்டாலும் கெட்டுப்போகாது.

இங்கேதான் பலர் ஒரு படி தாண்டிப் போகிறார்கள். லாக் தனி, கேஷ் தனி, எதற்கு இந்தத் தொல்லை, மொத்த /வாரையும் ஒரே சப்வால்யூமாகப் பிரித்துவிடலாமே என்று. டெபியனில் இதைச் செய்யாதீர்கள். எந்தப் பொதி எந்தப் பதிப்பில் நிறுவப்பட்டிருக்கிறது என்ற டிபிகேஜியின் (டெபியனின் பொதி நிறுவும் கருவி) கணக்குப் புத்தகம் /வார்/லிப்/டிபிகேஜியில் இருக்கிறது. பொதிகளின் கோப்புகளோ /யூஎஸ்ஆரில் இருக்கின்றன. கணக்கும் சரக்கும் ஒரே சப்வால்யூமில் இருந்தால்தான் சேர்ந்து திரும்பும். ஆரம்ப காலத்தில் ஒரு சர்வரில் /வாரை முழுதாகப் பிரித்து வைத்திருந்தேன். ஓர் அப்டேட்டுக்குப் பின் ரூட்டை மட்டும் பின்னால் திருப்பினேன். மேலோட்டமாக எல்லாம் சரியாக ஓடியது. /யூஎஸ்ஆரில் இருந்தவை பழைய கோப்புகள். டிபிகேஜியின் கணக்கிலோ எல்லாம் புதிய பதிப்பு. அடுத்த முறை அப்டேட் கொண்டுவரும் ஏபிடியை ஓட்டினால் அப்டேட் எதுவும் பாக்கி இல்லை என்றது. பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுவப்பட்டதாகக் கணக்கில் இருக்கும், வட்டில் இருக்காது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. பொதிகள் முழுவதையும் மறுபடி நிறுவித்தான் சரிசெய்தேன்.

அப்படியானால் ஓப்பன்சூசே மட்டும் எப்படி /வார் முழுவதையும் தனிச் சப்வால்யூமாக வைக்கிறது என்று கேட்கலாம். டிபிகேஜி போல அவர்கள் பயன்படுத்தும் ஆர்பிஎம்-இன் தரவுத்தளத்தை /வாரிலிருந்து எடுத்து /யூஎஸ்ஆருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். ஃபெடோராவும் 36-ஆம் பதிப்பில் அதையே செய்தது. கணக்குப் புத்தகத்தைச் சரக்கோடு சேர்த்த பிறகு /வாரைப் பிரிப்பதில் ஆபத்து இல்லை. ஆக, ஒரு வழிகாட்டியில் உள்ள பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு விநியோகத்துக்கு எடுத்துவர முடியாது. நீங்கள் பார்த்த பன்னிரண்டு சப்வால்யூம் பட்டியல் ஓப்பன்சூசேயிலிருந்து வந்தது போலத்தான் இருக்கிறது.

/வார்/லிப்புக்குள் இன்னும் கொஞ்சம் நிற்க வேண்டும். டேட்டாபேஸ், டாக்கர், மெய்நிகர் கணினிகளின் வட்டுக் கோப்புகள் எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. ஒரு சிறிய கடையின் பில்லிங் கணினியில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ரூட் சப்வால்யூமுக்குள்ளேயே இருந்தது. பிரின்டர் வேலை செய்யவில்லை என்று நண்பகலில் முந்தைய நாள் ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினோம். பிரின்டர் வந்துவிட்டது, காலையில் போட்ட பில்கள் எல்லாம் காணோம். நல்லவேளையாகப் பழைய சப்வால்யூமை அழிக்காமல் பெயர் மாற்றி வைத்திருந்ததால் அதிலிருந்து தரவை எடுக்க முடிந்தது. உங்கள் லேப்டாப்பில் டேட்டாபேஸ் ஓடினால் அதன் ஃபோல்டரைக் கட்டாயம் பிரித்துவிடுங்கள். விர்ச்சுவல் மெஷின் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். /வார்/லிப்/லிப்வர்ட்/இமேஜஸ் என்பதையும் பிரித்துவிடுங்கள். /ஆப்ட், /எஸ்ஆர்வி, /யூஎஸ்ஆர்/லோக்கல் ஆகியவற்றில் நீங்கள் கையால் எதுவும் போடுவதில்லை என்றால் தொட வேண்டாம்.

/டிஎம்பி பற்றி ஒரு வரி போதும்: அதை நினைவகத்தில் டிஎம்பிஎஃப்எஸ் ஆக வைத்தால் கேள்வியே எழாது.

அடுத்து, எங்கே வைப்பது. சப்வால்யூமை @-க்கு உள்ளேயே உருவாக்கினால் எஃப்எஸ்டேப் வரி தேவைப்படாது; ஃபோல்டர் போலவே அங்கே தெரியும். வசதியாகத்தான் இருக்கிறது, ரோல்பேக் செய்யும் நாள் வரை. அன்றைக்கு @ என்பதைப் பெயர் மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு ஸ்னாப்ஷாட்டிலிருந்து புதிய @ உருவாக்குவீர்கள். உள்ளே இருந்த ஹோம் சப்வால்யூம் பழைய @-உடன் ஒட்டிக்கொண்டே போய்விடும், புதியதில் அதன் இடத்தில் காலி ஃபோல்டர் நிற்கும். லாகின் செய்தால் உங்கள் கோப்பு ஒன்றுகூட இருக்காது. தரவு அழியவில்லை, ஆனால் அதைப் பார்க்கும் கணத்தில் மனிதருக்கு நெஞ்சு அடைத்துவிடும். எனவே எல்லாவற்றையும் உச்சியில், எண் 5-க்கு நேர் கீழே, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: @, @ஹோம், @லாக், @இமேஜஸ், @ஸ்னாப்ஷாட்ஸ். பெயர் முன்னால் உள்ள @ குறிக்குத் தொழில்நுட்பப் பொருள் எதுவும் கிடையாது. உபுண்டு அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தது, டைம்ஷிஃப்ட் இயல்பாக அந்தப் பெயர்களையே எதிர்பார்க்கிறது. உங்களுடையது @ரூட்எஃப்எஸ் என்று இருப்பதால்தான் அது மறுத்தது. ஃபெடோரா @ இல்லாமல் ரூட், ஹோம் என்றே பெயர் வைக்கிறது, அதுவும் சரிதான்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் @ஹோம் எங்கே தெரிய வேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டும் அல்லவா? அதைச் சொல்வதுதான் எஃப்எஸ்டேப் வரியின் வேலை. எல்லா வரிகளிலும் ஒரே யூயூஐடி (கோப்பு முறைமையின் அடையாள எண்) இருக்கும், சப்வால்= என்ற பகுதியும் மவுண்ட் இடமும் மட்டும் மாறும். இதற்காகக் கோப்பு முறைமை ஐந்து முறை திறக்கப்படுவதில்லை. அது ஒருமுறைதான் திறக்கப்படுகிறது. மற்றவை அதன் வெவ்வேறு கிளைகளை வெவ்வேறு இடங்களில் காட்டுகின்றன, கிட்டத்தட்ட பைண்ட் மவுண்ட் போல. இதனால் ஒரு விளைவு உண்டு, பலர் ஏமாறும் இடம். @-க்குக் கம்ப்ரெஸ்=இசட்எஸ்டிடி:1 (சுருக்கி எழுது) என்றும் @இமேஜஸுக்கு நோடேட்டாகவ் (நகலெழுத்தை நிறுத்து) என்றும் தனித்தனியாக எழுதினால் அப்படி நடக்காது. பிடிஆர்எஃப்எஸ்-க்கே உரிய இத்தகைய தேர்வுகள் முதலில் மவுண்ட் ஆன வரியிலிருந்து எடுக்கப்பட்டு மொத்தக் கோப்பு முறைமைக்கும் பொருந்தும். நோஏடைம், நோசூட், ரீட்-ஒன்லி போன்ற பொதுவான தேர்வுகள் மட்டும் ஒவ்வொரு மவுண்டுக்கும் தனித்தனியாக வேலை செய்யும். ஆகவே கம்ப்ரெஸ் தேர்வை எல்லா வரிகளிலும் ஒரே மாதிரி எழுதிவிடுங்கள். நோஏடைமையும் சேருங்கள்: ஒரு கோப்பைப் படித்ததற்காக அதன் நேரக்குறிப்பு மாறினால், ஸ்னாப்ஷாட்டோடு பகிர்ந்திருந்த தகவல் துண்டு தனி நகலாகப் பிரியும், அது வீண் எழுத்து.

அந்த வரிகளில் சப்வால்ஐடி= என்ற எண்ணைச் சில கருவிகள் தாமாகவே சேர்த்துவிடும். அதை நீக்கிவிடுங்கள். ரோல்பேக் செய்ததும் @ என்ற பெயர் அப்படியே இருக்கும், எண் புதியதாகிவிடும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றால் மவுண்ட் தோற்றுப்போகும். பெயர் மட்டும் இருந்தால் இந்தச் சிக்கல் வராது. ஓப்பன்சூசே இதை வேறு வழியில் தீர்க்கிறது: ரூட்டுக்கு சப்வால்= எழுதுவதே இல்லை, இயல்பு சப்வால்யூம் எது என்பதை மாற்றிக்கொண்டே போகிறது. இரண்டு முறையும் நல்லவைதான், கலந்துவிடாதீர்கள். எஃப்எஸ்டேப்பிலோ கர்னல் வரியிலோ சப்வால்=@ இருந்தால் இயல்பு சப்வால்யூமை மாற்றுவதால் எதுவும் நடக்காது.

ஸ்னாப்ஷாட்களை வைக்கும் இடமும் @-க்கு வெளியே இருக்கட்டும். ஸ்னாப்ஷாட் எடுக்கும் ஸ்னாப்பர் கருவி தானாக அமைத்தால் .ஸ்னாப்ஷாட்ஸ் என்ற சப்வால்யூமை @-க்கு உள்ளேயே உருவாக்கும். மேலே ஹோமுக்குச் சொன்ன அதே சிக்கல்தான். அதை நீக்கிவிட்டு @ஸ்னாப்ஷாட்ஸை அந்த இடத்தில் மவுண்ட் செய்வது பலர் பின்பற்றும் வழி, நானும் அப்படித்தான் செய்கிறேன். ஸ்வாப் கோப்பு வேண்டுமானால் அதற்கு @ஸ்வாப் என்று தனிச் சப்வால்யூம் கட்டாயம். கர்னல் 5.0-இலிருந்து பிடிஆர்எஃப்எஸ்-இல் ஸ்வாப் கோப்பு வைக்கலாம். ஆனால் அது பயன்பாட்டில் இருக்கும் வரை அது உள்ள சப்வால்யூமை ஸ்னாப்ஷாட் எடுக்க முடியாது.

பூட் விஷயம். உங்கள் /பூட் ரூட்டுக்குள்ளேயே இருந்தால் கர்னலும் அதன் மாட்யூல்களும் சேர்ந்து திரும்பும், நிம்மதி. தனி எக்ஸ்ட்4 பார்ட்டிஷனில் இருந்தால் ரோல்பேக்குக்குப் பின் /பூட்டில் புதிய கர்னல் நிற்கும், அதற்குரிய மாட்யூல்கள் ரூட்டில் இருக்காது. வைஃபை வராது, சில நேரம் திரையே வராது. அப்போது கிரப் (கணினியை பூட் செய்யும் நிரல்) மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதனால் பழைய கர்னல் ஒன்றையாவது அழிக்காமல் வைத்திருங்கள். இஎஃப்ஐ பார்ட்டிஷன் எப்படியும் ஃபேட்32 தான், அது எந்த ஸ்னாப்ஷாட்டிலும் வராது.

இருக்கும் நிறுவலை மாற்றுவதற்கு வழி உண்டு, மறுபடி நிறுவ வேண்டியதில்லை. முதலில் ஹோமை வெளி வட்டில் பேக்கப் எடுத்துவிடுங்கள். லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, சப்வால்ஐடி=5 என்று கொடுத்து உச்சியை /எம்என்டியில் மவுண்ட் செய்யுங்கள். @ரூட்எஃப்எஸ் என்பதை @ என்று பெயர் மாற்றுங்கள், சாதாரண எம்வி போதும். @ஹோம் உருவாக்குங்கள். ஏற்கெனவே உள்ள ஃபோல்டரைச் சப்வால்யூமாக மாற்றக் கட்டளை இல்லை, நகலெடுக்கத்தான் வேண்டும். ஆனால் சிபி கட்டளைக்கு ஏ தேர்வோடு ரீஃப்ளிங்க்=ஆல்வேஸ் கொடுத்தால் தரவு இரண்டாவது முறை எழுதப்படாது, நூறு ஜிபி இருந்தாலும் கூடுதல் இடம் கிட்டத்தட்டப் பிடிக்காது. பிறகு பழைய ஹோம் ஃபோல்டரைப் பெயர் மாற்றி, அதே இடத்தில் காலி ஃபோல்டர் ஒன்றை வையுங்கள். எஃப்எஸ்டேப்பைத் திருத்துங்கள். இதோடு நிறுத்திவிட்டு ரீபூட் செய்பவர்கள்தான் கிரப்பின் கறுப்புத் திரையில் மாட்டிக்கொள்கிறார்கள். இஎஃப்ஐ பார்ட்டிஷனில் உள்ள கிரப்பின் சிறிய அமைப்புக் கோப்பில் @ரூட்எஃப்எஸ் என்ற பாதை எழுதப்பட்டிருக்கும். எனவே புதிய @ஐயும், /பூட்/இஎஃப்ஐயையும் முறைப்படி மவுண்ட் செய்து, சிஎச்ரூட் செய்து (அதையே ரூட்டாக ஆக்கி) உள்ளே போய், கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப் இரண்டையும் ஓட்டிவிட்டு வெளியே வாருங்கள்.

உறுதியாகச் சொல்ல முடிந்தவை இவை. இனி, அனுபவசாலிகளே கருத்து வேறுபடும் இடங்கள். மெய்நிகர் வட்டுக் கோப்புகளுக்கு நகலெழுத்தை (மாற்றத்தைப் பழைய இடத்தின் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதும் முறை) நிறுத்தும் +சி குறியைப் போட வேண்டுமா? சுழலும் வட்டில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். எஸ்எஸ்டியில் ஒன்றிரண்டு மெஷின்களுக்கு நான் போடுவதில்லை. அதைப் போட்டால் அந்தக் கோப்புகளுக்குச் சரிபார்ப்புத் தொகையும் சுருக்கமும் போய்விடும். ரெய்டு1-இல் இரண்டு பிரதிகள் வேறுபட்டால் எது சரியென்று கோப்பு முறைமைக்குத் தெரியாது. எனக்கு அந்தப் பாதுகாப்பு வேகத்தைவிட முக்கியம். உங்கள் பயன்பாட்டில் வேகம் உண்மையிலேயே குறைந்தால் போடுங்கள். ஏற்கெனவே தரவு உள்ள கோப்புக்கு அது பயன்படாது, காலி ஃபோல்டருக்குக் குறி போட்டுவிட்டு முழு நகலாக உள்ளே கொண்டுவர வேண்டும். இங்கே ரீஃப்ளிங்க் ஒத்துழைக்காது. ஒவ்வொரு சப்வால்யூமும் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்க்க கோட்டா வசதியை இயக்கலாமா என்பது இன்னொன்று. ஸ்னாப்ஷாட் நிறைய இருக்கும் கணினியில் அது வேகத்தைக் கெடுத்ததை நான் பார்த்திருக்கிறேன், அதனால் லேப்டாப்பில் அணைத்தே வைக்கிறேன். புதிய கர்னல்களில் எளிய கோட்டா என்ற இலகுவான வடிவம் வந்திருக்கிறது. அதை நீண்ட நாள் ஓட்டிப் பார்க்காமல் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

ஸ்னாப்ஷாட்களின் எண்ணிக்கையைப் பத்து இருபதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கோப்பை அழித்தும் இடம் கூடவில்லை என்றால், ஏதோ ஒரு ஸ்னாப்ஷாட் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்புறம், அதே வட்டில் இருக்கும் ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நம்ப வேண்டாம்; வட்டு போனால் எல்லாம் சேர்ந்தே போகும். புகைப்படங்கள் இருப்பதாகச் சொன்னீர்கள், @ஹோமின் ரீட்-ஒன்லி ஸ்னாப்ஷாட்டை சென்ட், ரிசீவ் மூலம் வெளி வட்டுக்கு அனுப்பும் பழக்கத்தை இந்த வாரமே தொடங்குங்கள்.

எல்லாம் அமைத்த பிறகு, கணினி நன்றாக இருக்கும் ஒரு நாளில் ஒருமுறை ரோல்பேக் செய்து பாருங்கள். முதலில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு, ஒரு சின்னப் பொதியை நிறுவி, லைவ் யூஎஸ்பியிலிருந்து @ஐ @பழையது என்று மாற்றி, ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுதத்தக்க புதிய @ எடுத்து, பூட் செய்து, அந்தப் பொதி கோப்புகளிலும் டிபிகேஜி கணக்கிலும் ஒருசேர மறைந்திருக்கிறதா, ஹோமும் லாகும் இன்றைய நிலையில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். சரியாக இருந்தால் @பழையதை நீக்கலாம். நீக்கும்போது உள்ளே ஏதோ இருக்கிறது என்று மறுக்கக்கூடும்: சிஸ்டம்டி தானாகவே /வார்/லிப்/மெஷின்ஸ், /வார்/லிப்/போர்ட்டபிள்ஸ் என்ற இரண்டு சப்வால்யூம்களை உள்ளே உருவாக்கியிருக்கலாம். சப்வால்யூம் லிஸ்ட் கட்டளையில் அவை தெரியும். காலியாக இருந்தால் முதலில் அவற்றை நீக்கிவிட்டு, பிறகு @பழையதை நீக்குங்கள்.